489 பேரின் தெற்காசியா

ஹியூகோ ஸீபெர்க்கும் ஸ்வாண்டே பாபோவும் எழுதிய கட்டுரை 2020 செப்டம்பர் 30 அன்று ‘நேச்சர்’ இதழின் இணையப் பதிப்பில் வந்தது. அச்சில் மூன்றே பக்கம். கொவிட்-19 சிலருக்கு வெறும் இருமலாக வந்துபோக, சிலரை மட்டும் ஏன் மூச்சுக்கருவிவரை கொண்டுபோனது? அதற்கு அது சொன்ன பதில்களில் ஒன்று நம் மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது. சுமார் 50,000 எழுத்து நீளமுள்ள ஒரு மரபுத்துண்டு, நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது. அது உள்ளவருக்கு நோய் முற்றி மருத்துவமனைக்குப் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 1.6 மடங்கு. தெற்காசியர்களில் பாதிப் பேரிடமும் ஐரோப்பியர்களில் 16 விழுக்காட்டினரிடமும் அது இருக்கிறது. கிழக்காசியர்களிடம் அநேகமாக இல்லை.

இலக்கிய இதழில் இதற்கு என்ன வேலை? இது ஒரு கதை, அதுவும் வாசிக்காமலே பரப்பப்பட்ட கதை என்பதுதான் என் பதில். ‘மஞ்சளும் மிளகு ரசமும் குடிச்சு வளந்த உடம்பு, நம்மள ஒண்ணும் பண்ணாது’ என்று மார்ச்சில் அனுப்பிய அதே கைகள், அக்டோபரில் ‘நம்ம ஜீன்லயே கோளாறாம்’ என்று அனுப்பின. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. ‘நம்ம உடம்பு’ என்று ஒன்று உண்டு, அது நம் எல்லாருக்கும் ஒன்றே. கட்டுரை அப்படி எங்கும் சொல்லவில்லை. பாதிப் பேரிடம் இருக்கிறது என்றால் மறுபாதியிடம் இல்லை. ஒரே வீட்டில் அண்ணனுக்கு இருந்து தம்பிக்கு இல்லாமல் போகலாம்.

ஆனால் கட்டுரையும் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. அதிலுள்ள உலக வரைபடத்தைப் பாருங்கள். ‘தெற்காசியா’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது ‘ஆயிரம் மரபணுத்தொகுதிகள்’ திட்டத்தின் மாதிரிகள், மொத்தம் 489 பேர். லாகூர் பஞ்சாபியர் 96, வங்கதேச வங்காளிகள் 86, அமெரிக்காவின் ஹூஸ்டனில் வாழும் குஜராத்தியர் 103, பிரிட்டனில் வாழும் தெலுங்கர் 102, பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102. அவ்வளவுதான். ஐந்தில் மூன்று கூட்டம் வாழ்வது தெற்காசியாவுக்கு வெளியே. தமிழ்நாட்டிலிருந்து ஒரு மாதிரிக்குழுகூட இல்லை. வங்கதேசத்தில் 63 விழுக்காட்டினர் இந்தத் துண்டைச் சுமக்கிறார்கள் என்று உலகெங்கும் தலைப்பானதே, அந்த எண் இந்த 86 பேரிடமிருந்து வந்தது. கணக்கில் பிழையில்லை. 86 பேருக்கு ஒரு நாட்டின் பெயரையும் 489 பேருக்கு ஒரு துணைக்கண்டத்தின் பெயரையும் வைத்துப் பழகிவிட்டதைத்தான் சொல்கிறேன்.

இத்தனைக்கும் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 4,810 பேரின் மரபணுத்தொகுதியைப் படித்து 2019இலேயே வெளியிட்டிருந்தார்கள். அதில் இந்தியர் மட்டும் 1,127 பேர், அந்த 489இன் இரு மடங்குக்கும் மேல். அங்கேயும் பெட்டிகள் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்றுதான். நம்ம ஐசியில் இருக்கிற அதே பெட்டிகள்.

கட்டுரையில் எனக்குப் பிரச்சினையான இடம் ஒன்றுதான். வங்கதேச எண்ணைச் சொன்ன கையோடு, பிரிட்டனில் வாழும் வங்கதேச வம்சாவளியினர் கொவிட்டால் இறக்கும் அபாயம் மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்ற தகவலுக்கு அது தாவுகிறது. இதனால்தான் அது என்று எழுதவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. பக்கத்தில் வைத்தாலே காரணம் முளைத்துவிடும் என்பது சிறுகதை வாசிக்கிற எவருக்கும் தெரியும்.

வங்கதேச ஆண்களும் தமிழ்நாட்டு ஆண்களும் கூட்டமாக வாழும் இன்னொரு இடத்தை, இங்கே நம் சிங்கப்பூரை, அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தால்? 2020 ஏப்ரல் 5 அன்று பொங்கோல் எஸ்11, வெஸ்ட்லைட் தோ குவான் ஆகிய இரு தங்குவிடுதிகளில் ஏறத்தாழ 20,000 பேர் அடைக்கப்பட்டார்கள். ஒரே அறையில் 12 பேர், சில இடங்களில் 20 பேர்வரை, இரட்டை அடுக்குக் கட்டில்கள், பொதுக் கழிவறை. அந்த ஆண்டு டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்குப்படி, விடுதிகளில் இருந்த 323,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. ஆனால் 2020 முடியும்போது நாடு முழுவதிலுமே கொவிட் மரணம் 29தான். அதில் விடுதித் தொழிலாளர்கள் மிகச் சிலரே.

இதை வைத்து ஸீபெர்க்கும் பாபோவும் தப்பு என்று கிளம்ப வேண்டாம். 60 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் இந்தத் துண்டின் விளைவு இன்னும் கூடுதல் என்றே பின்னால் வந்த ஆய்வு காட்டியது. விஷயம் மடங்கில் இருக்கிறது. 1.6 மடங்கு என்றால் எதன் 1.6 மடங்கு? உடல் பரிசோதனையில் தேறி வேலைக்கு வந்த, சீக்கிரமே மருத்துவரிடம் காட்டப்பட்ட 30 வயதுக்காரருக்கு அடிப்படை அபாயமே துளி. துளியைப் பெருக்கினாலும் துளி. பிரிட்டனில் வயதும் நீரிழிவும் நெரிசலான வீடும் அந்த அடிப்படையை ஏற்கெனவே உயர்த்தி வைத்திருந்தன. சிங்கப்பூர் விடுதியில் யாருக்குத் தொற்றும் என்பதைத் தீர்மானித்தது கட்டில்களின் இடைவெளி. அது எந்தக் குரோமோசோமிலும் எழுதப்படவில்லை.

அதே இருவர் 2021 பிப்ரவரியில் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். 12ஆம் குரோமோசோமில் நியாண்டர்தால்கள் தந்த வேறொரு துண்டு இருக்கிறது. அது, வைரஸின் ஆர்என்ஏவை வெட்டிப்போடும் வேலையை முடுக்கிவிடுகிற ஓஏஎஸ் நொதிகள் சம்பந்தப்பட்டது. இந்தத் துண்டு உள்ளவருக்கு நோய் தீவிரமாகும் அபாயம் சுமார் 22 விழுக்காடு குறைவு. ஆக, சாபம் கொடுத்த பாட்டனே வரமும் கொடுத்திருக்கிறான். என் வாட்ஸ்அப்பில் இது ஒரு தடவைகூட வரவில்லை! முன்னோர் வினை நம்மைப் பிடித்தாட்டுகிற கதைக்குத்தான் நம்மிடம் கேட்பாரதிகம்.

முதல் துண்டு உடம்பில் என்ன செய்கிறது என்பது அந்த மூன்று பக்கத்தில் இல்லை. அந்தப் பகுதியில் நோய் எதிர்ப்பு அணுக்களை அழைத்துவரும் மரபணுக்கள் சில உண்டு, அதனால் சந்தேகம் அவற்றின் மேல் விழுந்தது. 2021 நவம்பரில் ஆக்ஸ்ஃபர்ட் குழு வேறொன்றைச் சுட்டியது. எல்இசட்டிஎஃப்எல்1 என்ற மரபணு, அது வேலை செய்யும் இடம் நுரையீரலின் உள்பூச்சு அணுக்கள். அப்படியானால் குறை எதிர்ப்புச் சக்தியில் இல்லை, தடுப்பூசி இவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே பலன் தரும் என்றும் அந்தக் குழு விளக்கியது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஒன்றரை ஆண்டு விடுதியும் வேலையிடமுமாக இருந்த தொழிலாளர்களில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களை, வாரத்துக்கு 500 பேர் வரை என்ற கணக்கில், தேக்கா பக்கம் வர விட்டிருந்தார்கள்.