பாம்பில்லாத பரமபதம்

பெரம்பலூரில் ஒரு கல்யாணம். அந்த ஊருக்கு ரயில் கிடையாது. ரயில் வேண்டுமென்றால் அரியலூர் போக வேண்டும். போனேன். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. சிமென்ட் லாரிகளின் புழுதியைத் தாண்டி ஒரு மைதானத்தில் பையன்கள் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் செங்கல் அடுக்கி கோல்போஸ்ட். மறுபக்கம் இரண்டு புத்தகப் பைகள். ஓரமாக உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த ப்ளஸ் டூ பையன், சாயம் போன சென்னையின் எஃப்.சி. நீலச் சட்டை போட்டிருந்தான். அண்ணனுடைய சட்டையாம்.

'இந்த டீமுக்கு ஜான் கிரகரின்னு ஒருத்தர் கோச்சா இருந்தாரே, தெரியுமாப்பா?'

'வெள்ளைக்காரர்தான சார்? கப்பு வாங்கிக் குடுத்தாரு. அடுத்த வருஷம் டீம் கடைசியா வந்துச்சு. அப்புறம் ஆளையே காணோம்.'

மூன்று வாக்கியத்தில் முழு விமரிசனமும் முடிந்துவிட்டது. நான் அதையே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். கிரகரி மேல் எனக்கு மரியாதையும் உண்டு, வருத்தமும் உண்டு. இரண்டுக்கும் காரணம் சொல்ல வேண்டும் அல்லவா?

முதலில் இங்கிலாந்து ஃபுட்பாலைப் பற்றி ஒரு வார்த்தை. அது பரமபதம். நான்கு டிவிஷன், 92 கிளப். நன்றாக ஆடினால் மேல் டிவிஷனுக்கு ஏணி, சொதப்பினால் கீழே பாம்பு. அரியலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2001ல் பெரம்பலூரிலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கினார்கள். 2002ல் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007ல் மறுபடி ப்ரமோஷன்!

கிரகரி இந்தப் பரமபதத்தின் கீழ்க்கட்டத்தில் ஆரம்பித்தவர். 1972ல் நார்தாம்ப்டன் டவுன், அப்போது நான்காவது டிவிஷன். 1977ல் ஒரே தாவாக முதல் டிவிஷன் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார். அங்கே கோல்கீப்பரின் ஒன்றாம் நம்பரை விட்டுவிட்டு, இரண்டிலிருந்து பதினொன்று வரை எல்லா நம்பர் சட்டையும் போட்டு ஆடியிருக்கிறார். அந்தக் காலத்தில் நம்பர் என்றால் ஆடும் இடம். அதாவது, எங்கே ஓட்டை விழுந்தாலும் அடைப்பதற்கு ஒரு கிரகரி. பிறகு பிரைட்டன், கியூ.பி.ஆர். 1982ல் எஃப்.ஏ. கப் ஃபைனல். இங்கிலாந்து தேசிய அணிக்காக ஆறு ஆட்டம். மேதை என்று யாரும் சொல்லமாட்டார்கள். இருக்கிற சாமானை வைத்துக் காரியம் முடிக்கிற ஆள்.

மேனேஜர் ஆனபோதும் அதே குணம்தான். போர்ட்ஸ்மத்தில் ஒரு வருடம்தான் வைத்திருந்தார்கள். 1996ல் மூன்றாம் கட்டத்தில் தத்தளித்த விக்கம் வாண்டரர்ஸைப் பாம்பின் வாயிலிருந்து இழுத்தார். அதைப் பார்த்துத்தான் 1998 பிப்ரவரியில் ஆஸ்டன் வில்லாவே கூப்பிட்டது. லீக்கின் பின்பாதியில் கிடந்த டீமை ஏழாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த சீசனின் முதல் 12 ஆட்டங்களில் தோல்வியே இல்லை, லீக்கில் முதலிடம். ஊரே கொண்டாடியது. சீசன் முடியும்போது ஆறாம் இடம்!

இந்த 'முதலில் ஜோர், அப்புறம் இறக்கம்' கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் திரும்ப வரும்.

இன்னொரு குறையும் சொல்லவேண்டும். வில்லாவில் ஸ்டான் காலிமோர் என்ற ஸ்ட்ரைக்கருக்கு மனச்சோர்வு நோய் வந்தது. 'வாரம் 20,000 பவுண்டு வாங்குகிறவனுக்கு என்னய்யா சோர்வு?' என்கிற தொனியில் கிரகரி பேசினார். இன்று படித்தால் கூசுகிறது. ஓட்டையை அடைக்கத் தெரிந்தவருக்கு மனுஷனுக்குள் விழும் ஓட்டை புரியவில்லை.

அப்புறம் டெர்பி. வந்த வருடமே, 2002ல், டீம் பாம்பில் இறங்கியது. மறுபடி கியூ.பி.ஆர்., இஸ்ரேலில் நாசரேத், கஜகஸ்தானில் ஒரு கிளப், மூன்றாம் கட்டத்தில் கிராலி டவுன். 2014 டிசம்பரில் இதய ஆபரேஷனுக்காக விலகினார். அறுபது வயது. பென்ஷன் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குத் தண்ணீர் விடலாம். அவர் 2017ல் சென்னைக்கு வந்தார்!

2016ல் எட்டு டீமில் ஏழாவதாக வந்த டீம். முதல் ஆட்டமே நேரு ஸ்டேடியத்தில் கோவாவிடம் 3-2 தோல்வி. பிறகு மெதுவாக நிமிர்ந்து லீக்கில் இரண்டாம் இடம். அதே கோவாவை அரையிறுதியில் இரண்டு ஆட்டமும் சேர்த்து 4-1 என்று அனுப்பிவைத்தார்கள். அதில் ஒரு கோல் நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ் போட்டது. 2018 மார்ச் 17, ஃபைனல். பெங்களூரு டீம், பெங்களூரு மைதானம், ஒன்பதாவது நிமிஷத்திலேயே சுனில் சேத்ரி கோல். அவ்வளவுதான் என்று டி.வி.யை அணைக்கப் போனேன். பிரேசில்காரர் மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னரில் எழும்பி, தலையால் இரண்டு கோல். 3-2 என்று ஜெயித்தோம். கார்னரில் உயரமான டிஃபெண்டரை மேலே அனுப்பிக் கோல் அடிப்பது இங்கிலாந்துக் கீழ் டிவிஷன்களின் பழைய சோறு. சாம்பியன் பட்டத்தை அந்தப் பழைய சோறுதான் ஜெயித்துக் கொடுத்தது.

அடுத்த சீசன், 2018-19. 18 ஆட்டம், இரண்டு வெற்றி, ஒன்பது பாயின்ட், கடைசி இடம். தனபால் கணேஷுக்கு முழங்காலில் அடி. முந்தின வருடம் ஒன்பது கோல் போட்ட ஜேஜே இந்த வருடம் ஒன்றே ஒன்று. சமாதானம் சொல்லலாம்தான். ஆனால் 2019 நவம்பர் கடைசியில் கிரகரி விலகி, ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் காய்ல் வந்ததும், அதே பையன்கள் 2020 மார்ச்சில் ஃபைனல் வரை போனார்கள். தோற்றார்கள், ஆனால் போனார்கள். ஆகவே பழியில் பெரும்பங்கு கோச்சுக்குத்தான். சாயும் சுவருக்கு முட்டுக்கொடுப்பதில் கிரகரி கெட்டிக்கார மேஸ்திரி. நிமிர்ந்துவிட்ட வீட்டின் மேல் மாடி கட்டத் தெரியாது. வில்லாவிலும் அதுதான், சென்னையிலும் அதுதான்.

சரி, கடைசி இடம் வந்ததற்கு சென்னை டீம் என்ன விலை கொடுத்தது? ஒன்றுமில்லை. ஐ.எஸ்.எல்.லில் அப்போது ஏணியும் கிடையாது, பாம்பும் கிடையாது. டெர்பியில் பாம்பின் வாலைப் பார்த்த கிரகரிக்கே அது வேடிக்கையாக இருந்திருக்கும்.

இதில் நல்லதும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாம்பு இல்லாததால்தான் காய்ல் வந்து தூக்கி நிறுத்த ஒரு டீம் மிச்சமிருந்தது. ஆனால் அதற்கான பில் வேறு ஊருக்குப் போனது.

சென்னையின் எஃப்.சி. ஒன்பது பாயின்ட்டோடு கடைசியில் கிடந்த அதே 2019ல், கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆனது. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். எட்வின், ரொமாரியோ என்று தமிழ்ப் பையன்கள். கடைசி நாள் வரை இழுத்து, மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து வாங்கிய பட்டம். இங்கிலாந்தாக இருந்தால் அடுத்த வருடம் நவாஸ் மேலே, கிரகரி கீழே. இங்கே மேலே இருந்தவர் மேலேயே இருந்தார், ஜெயித்தவர் நின்ற இடத்திலேயே நின்றார். ஐ-லீக் சாம்பியனுக்கு ஏணி போட 2023 ஆயிற்று. அப்போது அதில் ஏறியது பஞ்சாப் டீம். சென்னை சிட்டி 2021-22 ஐ-லீக்கிலேயே இல்லை.

மைதானத்தில் பையன்களைப் பார்த்துக்கொண்டிருந்த பி.டி. மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். காலேஜ் காலத்தில் ஆடியவராம். சிரித்தார்.

'சார், கீழ இருக்கறவன் கத்துக்கமாட்டானா என்ன? நல்லா கத்துக்குவான். மேல போனவன் எறங்கி வந்து சொல்லிக் குடுக்கணும், இங்கேருந்து ஒருத்தன் மேல போகவும் வழி இருக்கணும். ரெண்டும் இல்லாம சும்மா ஓடவிட்டா பையன் எத்தனை நாளைக்கு ஓடுவான்? ப்ளஸ் டூ முடிஞ்சா நின்னுருவான்.'

கிரகரியிடம் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கப்பைவிட இதைத்தான் என்று தோன்றுகிறது. நான்காவது டிவிஷனில் ஆரம்பித்த ஒருவன் தேசிய அணிச் சட்டை போடவும், வில்லாவின் மேனேஜராக இருந்தவர் கிராலிக்கு இறங்கி வந்து வேலை பார்க்கவும் அங்கே படிக்கட்டு இருக்கிறது. இறங்குவதில் அவமானம் இல்லை, மறுபடி ஏறலாம் என்பதால்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பும்போது நீலச் சட்டைப் பையன் ஓடி வந்தான்.

'சார், நீங்க மெட்ராஸ்தான? அங்க டீம்ல சேரணும்னா யார சார் பாக்கணும்?'

இத்தனை புள்ளிவிவரம் தெரிந்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. 'நல்லா ஆடுப்பா' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஆடிக்கொண்டுதான் இருக்கிறான்.