தேவி பிரசாத்தின் மட்கலமும் நமது அரைப்பேரும்

கைத்தொழிலைப் போற்றிப் பேசுவோருக்கு நம் நாட்டில் என்றும் குறைவிருந்ததில்லை. ஆனால் அவ்வாறு போற்றுவோரின் பிள்ளைகள் எந்தக் கைத்தொழிலைப் பயில்கின்றனர் என்று கேட்டால் மறுமொழி கிடைப்பது அரிது. ஆகவே, தாம் போற்றியதைத் தம் கையாலேயே செய்து, அதனையே பிறர்க்கும் கற்பித்து வாழ்ந்த ஒருவரைப் பற்றி எழுதப் புகும்போது நாம் மதிப்போடுதான் தொடங்கவேண்டும். மதிப்போடு தொடங்குவதனால் கேள்வியின்றி முடிக்க வேண்டும் என்பதில்லை.

தேவி பிரசாத் 1921இல் டெராடூனில் பிறந்தவர். சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் நந்தலால் போஸின் மாணவர். 1944இல் சேவாக்கிராமம் சென்று, காந்தியின் ஆதாரக் கல்வியை நடைமுறைப்படுத்திய பாடசாலையில் சித்திர ஆசிரியரானார். ஓவியரான அவர் மண்ணைத் தம் ஊடகமாக வரித்துக்கொண்டதும் அக்காலத்திலேதான். 1962இல் இலண்டன் சென்று போர் எதிர்ப்பாளர் சர்வதேச அமைப்பின் பொதுச் செயலாளராகப் பத்தாண்டும், பின்னர் 1975 வரை அதன் தலைவராகவும் பணியாற்றினார். வியத்நாம் யுத்தம் எரிந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1983இல் இந்தியா திரும்பி டில்லியில் மீண்டும் சக்கரத்தின் முன் அமர்ந்தார். அவருடைய வாழ்நாட் பணியைத் திரட்டிக் காட்டிய கண்காட்சியொன்று 2010இல் டில்லியில் நடந்தது. மறு ஆண்டு காலமானார்.

இவ்வரலாற்றில் ஈழத்தவர்க்கு ஓர் உரிமையும் உண்டு. சேவாக்கிராமத்தில் அக்கல்விப் பணியை மனைவி ஆஷாதேவியோடு முன்னின்று நடத்தியவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஈ. டபிள்யு. ஆரியநாயகம். தாகூரிடம் பணிபுரிந்து பின்னர் காந்தியிடம் சென்றவர் அவர். நமது பாடநூல்களில் இப்பெயரைத் தேடிக் களைத்தோம். அது நிற்க.

1937 அக்டோபரில் வார்தாவிற் கூடிய கல்வி மாநாட்டிற் பிறந்தது ஆதாரக் கல்வித் திட்டம். ஏட்டுக் கல்வியைக் கைத்தொழிலின் வழியே புகட்டவேண்டும் என்பது அதன் ஒரு பாதி. பிள்ளைகள் செய்யும் பொருளின் விற்பனையால் பாடசாலை தன் செலவைத் தானே ஈடுசெய்ய வேண்டும் என்பது மறுபாதி. முதற்பாதியில் மனித உழைப்பின் மேன்மை பேசப்படுகிறது. இரண்டாம் பாதியிலோ கணக்கப்பிள்ளையின் பேரேடு திறக்கிறது. அம்மாநாட்டிலேயே பேராசிரியர் கே. டி. ஷா போன்றோர் இதனை எதிர்த்துப் பேசினர். பிள்ளையின் கை ஈட்டியாகவேண்டும் என்று வந்துவிட்டால், கல்வி எங்கே முடிகிறது, கூலி எங்கே தொடங்குகிறது?

இக்கேள்வி வெறும் தர்க்கமன்று என்பதைத் தமிழகம் 1953இல் கண்டது. இராஜாஜி கொண்டுவந்த திட்டத்தின்படி பிள்ளை பாதி நேரம் பாடசாலையிலும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் பயிலவேண்டும். குயவர் பிள்ளை குடம் வனையலாம். வக்கீல் பிள்ளை என்ன பயிலும் என்பதை யாவரும் அறிவர். மக்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்து நின்றனர். 1954இல் இராஜாஜி பதவி விலகினார், திட்டமும் ஒழிந்தது.

இவற்றை ஊவாவிலிருந்து படிக்கும் நமக்கு இன்னொரு நியாயமும் உண்டு. பசறையிலும் நமுனுகுலவிலும் தேயிலை மலைகளில், கைகளுக்கு வேலையில்லை என்று எவரும் குறைப்பட்டதில்லை. தோட்டத்துரைமாருக்கு வேண்டியிருந்தவை கைகள் மட்டுமே. அதனாலேயே தோட்டப் பாடசாலை நூறாண்டுக்கு மேலாக எழுத்துக்கூட்டும் அளவோடு நிறுத்தப்பட்டது. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் அதன் முழுப்பயன் லயங்களை எட்டவில்லை. இப்பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தது 1970களின் பிற்பகுதியிலேதான். இத்தகைய வரலாறுடைய பிள்ளையிடம் சென்று, கைத்தொழிலே கல்வியின் ஊற்று என்று உபதேசிப்பவன் தன் நாவைச் சற்று அடக்கிக்கொள்வது நன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஓடைக்கரையிலிருந்து களிமண் எடுத்துவந்து எட்டாம் வகுப்பிற் கொடுத்தோம். மறுநாட் காலை ஒரு தந்தை வாயிலில் நின்றார். “சேர், மண்ணு பெசையவா புள்ளைய பள்ளிக்கொடம் அனுப்புறேன்?” என்றார். அவரிடம் நாம் கலையின் மேன்மையை விளக்க முற்பட்டது இன்று நினைக்கவும் வெட்கந் தருகிறது. அவர் கேட்டது தமிழகத்து மக்கள் 1953இற் கேட்ட அதே கேள்வி.

அப்படியாயின் தேவி பிரசாத்திடம் நாம் கொள்ளத்தக்கது யாது? ஆதாரக் கல்வியின் மடியிலேயே அமர்ந்திருந்தும், அதன் பேரேட்டுப் பாதியை அவர் தம் கல்விக் கொள்கைக்கு அடிப்படையாக்கிக் கொள்ளவில்லை. ‘கலை: கல்வியின் அடிப்படை’ என்று பொருள்படும் தலைப்புடைய அவருடைய நூல், பிள்ளை படைத்த பொருளைவிடப் படைக்கும் செயலையே முதன்மையாகக் கொள்கிறது. கோணலான குடத்தை நிமிர்த்திச் சந்தைக்கு அனுப்புவது அந்நெறியில் ஆசிரியர் வேலையன்று. சேவாக்கிராமத்துச் சிக்கனத்தினிடையே சாந்திநிகேதனத்துச் சுதந்திரத்தைக் காத்துநின்றது அவருடைய சித்திர வகுப்பு என்று நாம் மதிப்பிடுகிறோம்.

நமது மலையில் இதன் பொருள் தெளிவாகவே விளங்கும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல்கள் சாமானியமானவை அல்ல. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே முறியும் என்பதைக் கண் காணுமுன் அவை அறியும். எந்தக் குயவரின் கையறிவுக்கும் அது குறைந்ததன்று. ஆனால் மாலையில் அவ்வறிவு நிறுவைத் தராசில் ஏறுகிறது. நிர்ணயித்த நிறை குறைந்தால் அவளுக்கு விழுவது அரைப்பேர். ஒரு நாள் முழுதும் மலையில் நின்றவளின் பெயர் செக்ரோலிற் பாதியாகிறது! வனைபவர் தம் கலத்தை இது முடிந்தது என்று தாமே தீர்மானித்துச் சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கிறார். பறிப்பவளுக்கு அத்தீர்மானம் இல்லை. நாளின் முடிவையும் நிறையையும் இன்னொருவரே கூறுவர். உழைப்பு இரண்டிடத்தும் கைகளாலானதே. ஆணை யாருடையது என்பதிலேதான் வேற்றுமை.

இவ்விடத்திலேதான் அவரோடும் நமக்கு ஒரு வழக்குண்டு. அவர் சார்ந்த கலைக்கூட மட்கலை மரபில் கலத்தோடு கலைஞரின் பெயரும் செல்கிறது. கண்காட்சியில் விளக்கொளி அதன்மீது விழுகிறது. பிறப்பினாற் குயவரானவரின் பானையோ பெயரின்றிச் சந்தையிற் குவிந்துகிடக்கிறது. தேவி பிரசாத் மண்ணைத் தாமே தெரிந்துகொண்டார். இலண்டன் செல்லவும், அங்கிருந்து மீளவும், மறுபடி மண்ணைத் தொடவும் அவருக்கு இயன்றது. இதனை அவருடைய குற்றமென்று நாம் கூறவில்லை. ஆயினும் மண்ணிடம் வருவதற்கும் மண்ணை விட்டுப் போவதற்கும் உள்ள உரிமைதான் அவரைக் கலைஞராக்கியது. அவ்வுரிமையை அவருடைய கலங்களின் அழகைப் பாடும் விமர்சகர்கள் கணக்கிற் சேர்ப்பதில்லை. கலத்தின் வளைவையும் மெருகையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதனை வனைய ஒருவருக்குக் கிடைத்த ஓய்வுநேரத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

நமது வகுப்பிற்கு மண் மறுபடியும் வந்தது. இம்முறை பாடநேரத்தைக் குறைக்கவில்லை. கணிதமும் ஆங்கிலமும் முடிந்த பின்னர், விரும்பியவர் மட்டும் வந்தனர். அந்தத் தந்தையின் மகளும் வந்திருந்தாள். சூளை ஏதும் நம்மிடமில்லை. உமியும் விறகும் மூட்டிச் சுட்டதில் பாதி வெடித்துப்போயிற்று. அவளுடைய சட்டி தப்பியது. அடியில் ஆணியால் தன் பெயரை முழுமையாகக் கீறியிருந்தாள், தலைப்பெழுத்தையும் விடவில்லை.