மீண்டும் படகேறிய குழந்தை

1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குச் சென்ற குமுதினிப் படகில், குழந்தைகள் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினரே வெட்டியதாக உயிர்தப்பியோர் கூறினர். அக்கொடுமையை நம் கவிஞர்கள் பாடினர். அது அவர்தம் கடமை.

ஆயினும் நமது போர்க்கால இலக்கியத்தில் குழந்தை பெரும்பாலும் பிணமாகவோ போராளியாகவோதான் வருகின்றது. தீவக மண்ணிற் பிறந்த ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) நாவலும் இயக்கத்திற் சேர்ந்த இளைஞனையே தொடர்கின்றது.

குமுதினி பின்னரும் ஓடியது. பரீட்சைக்கோ வைத்தியத்துக்கோ அதில் ஏறியே தீரவேண்டியிருந்த பிள்ளை எங்கே? 1990இல் வேலணையை விட்டு யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் அரிதாகிய இரவுகளில் ஜாம் போத்தல் விளக்கின்முன் பாடம் படித்த பிள்ளை எங்கே?

அப்பிள்ளைகளிற் பலர் இன்று ஆசிரியர்கள். அவர்களே எழுதவேண்டும்.