கடற்குதிரையும் மட்டி பொறுக்கியோரும்

கடற்கரை ஹொட்டேல் ஒன்றுக்கு முகம் வடிவமைப்பவர், கடல்வழி வருபவர்களுள் யாரை விருந்தாளியாகக் கொள்வது என்பதையும் சேர்த்தே முடிவுசெய்கிறார். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், மோர்கம் நகரிலுள்ள மிட்லண்ட் ஹொட்டேல் இதற்கு நல்ல உதாரணம். அதைப் பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் அழகைப் பாராட்டுவதோடு நின்றுவிடுவதால் இக்குறிப்பு அவசியமாகிறது.

லண்டன் மிட்லண்ட் ஸ்கொட்டிஷ் றெயில்வே கம்பனி, பழைய விக்டோரிய விடுதிக்குப் பதிலாக இதனை 1933 இல் திறந்தது. கட்டடக் கலைஞர் ஒலிவர் ஹில். கரையின் வளைவுக்கு ஒத்து வளையும் வெள்ளைக் கட்டடம், மரியன் டோர்னின் கம்பளங்கள், எரிக் றவீலியஸின் சுவரோவியம், எரிக் கில்லின் சிற்பங்கள் என எல்லாவற்றையும் ஹில் ஒரே திட்டத்தின் கீழ் கொண்டுவந்தார். நிறுவன அடையாளம் என்ற பெயரில் இன்று விற்கப்படும் சரக்கை அவர் அன்றே செய்து காட்டிவிட்டார். யோர்க்ஷயர் ஆலைகளிலிருந்து விடுமுறைக்கு மோர்கம் வந்த தொழிலாளர்களோ சாதாரணத் தங்கு வீடுகளிலேயே தங்கினர். இந்த வெண்மை அவர்களுக்காகத் தீட்டப்பட்டதல்ல.

கில்லின் வேலைகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். முகப்பின் உச்சியில் இரு கடற்குதிரைகள். உள்ளே, கடலிலிருந்து கரையேறும் ஒடிஸியஸை நௌசிக்கா வரவேற்கும் புடைப்புச் சிற்பம். (கில் தன் சொந்த மகள்மாரைப் பாலியல் வதைக்கு உள்ளாக்கியவர் என்பது 1989 இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றினால் அம்பலமாயிற்று. படைப்பையும் படைத்தவரையும் பற்றிய அந்த விவாதத்தை ஒதுக்கிவிட முடியாது. எனினும் இங்கே என் கேள்வி வேறு.) ஹோமரின் கதையில் ஒடிஸியஸ் மரக்கலம் இழந்து, உடுதுணியும் இன்றிக் கரையொதுங்கியவன். நௌசிக்கா அவனது பெயரைக் கேட்கும் முன்பே உணவும் உடையும் கொடுக்கச் சொல்கிறாள். தமிழிலும் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள். உறவினரல்ல, முன்பின் அறியாதவரே விருந்தினர். விமானநிலையத்தில் முதலில் விசாரணையையே சந்தித்த எங்களுக்கு இந்த ஒழுங்குமுறை புதுமையாகத்தான் தெரியும்.

தொண்ணூறுகளின் இறுதியில் மூடப்பட்டுச் சிதைந்துகொண்டிருந்த ஹொட்டேலை 2003 இல் அர்பன் ஸ்பிளாஷ் நிறுவனம் வாங்கியது. புதுப்பிக்கப்பட்ட கட்டடம் 2008 இல் திறக்கப்பட்டது. இடையில், 2004 பெப்ரவரி 5 இரவு, சில மைல் வடக்கே அதே குடாவின் மணலில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்களை ஏறிவந்த கடல் சூழ்ந்தது. குறைந்தது 21 பேர் மூழ்கி இறந்தனர். கங்காணிகளின் கீழ், மிகக் குறைந்த கூலிக்கு உழைத்தவர்கள். கங்காணிகள் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்ற சட்டம் அவ்வாண்டுதான் வந்தது. நிக் புரூம்ஃபீல்ட் 2006 இலும் ஐசக் ஜூலியன் 2010 இலும் இந்த மரணங்களைத் திரைக்குக் கொண்டுவந்தனர்.

ஹொட்டேல் என்ன செய்தது? கில்லின் இரு உருவங்களில் அதன் சின்னமாக நிலைத்தது கடற்குதிரை. கடற்குதிரையைத் துவாயிலும் கோப்பையிலும் பதிக்கலாம். அது பார்ப்பவரிடம் எதையும் கேட்பதில்லை. நௌசிக்காவைச் சின்னமாக்கினால், கரைசேராதவர்கள் பற்றிய கேள்வியும் கூடவே உள்ளே வந்துவிடும். ஆகவே அவள் பாதுகாக்கப்பட்ட கலைப்பொருளாகச் சுவரில் இருக்கிறாள்.

ஹொட்டேல் வியாபாரம்தானே, அதனிடம் அறத்தை எதிர்பார்ப்பது அப்பாவித்தனம் என்று நண்பர்கள் சொல்லலாம். ஆனால் அந்தச் சிற்பத்தை நாம் கொண்டுபோய் வைக்கவில்லை. கடலால் வந்தவனை வரவேற்கும் காட்சியைக் கல்லில் வெட்டுவித்தது அந்த வியாபாரமே. அது தானாகக் கொடுத்த வாக்கை வைத்து அதை அளப்பதில் என்ன தவறு?

நவீனத்துவக் கலையை ரசிக்க எங்களுக்கும் உரிமை உண்டு. ஏஜென்சிகளின் கீழ் மணிக்கூலிக்கு வேலை செய்யும் நாம், அந்தச் சிற்பத்தின் முன் ரசிகராக மட்டும் நிற்க முடியாது என்பதே நான் சொல்ல வருவது. ஒடிஸியஸைப் பார்த்தபின், வெளியே வந்து வற்றுக்கடலின் மணலையும் பார்க்கவேண்டும்.