பழைய கார்னி கெக்

அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் காய்ச்சுபவர் கையில் காசு குறைவென்றால், பளபளக்கும் புதுக் கொப்பரையை விட்டுவிட்டு முதலில் தேட வேண்டியது பழைய கார்னி கெக்கைத்தான். குளிர்பானக் கடைகளுக்குப் பாகு கொண்டுபோன, சுமார் 19 லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் உருளை அது. பாகு அட்டைப்பெட்டிக்குள் பையாக வரத் தொடங்கியதும் இவை கழித்துக்கட்டப்பட்டன. 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் மத்திய அரசின் வரித்தடை நீங்கப்பெற்ற வீட்டுக் காய்ச்சல்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். எவ்வளவு நேர்த்தியான பொருள்! மூடியைக் கழற்றினால் உள்ளே தேய்த்துக் கழுவலாம். நைந்துபோவது பெரும்பாலும் ரப்பர் வளையங்கள். சொற்பக் காசில் மாற்றிவிடலாம்.

பாட்டில்தான் மலிவு என்பார்கள். உண்மைதான், கெக் வாங்கினால் கரியமில வாயு சிலிண்டர், ரெகுலேட்டர், ஃப்ரிட்ஜ் என்று செலவு நீள்கிறது. ஆனால் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஐம்பது பாட்டில்களைக் கழுவி, கிருமி நீக்கி, மூடியடிக்கும் உழைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? ஃப்ரிட்ஜ் பழையதே போதும். வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைப் பொருத்தினால், கெக் காலியான நாட்களில் நொதிக்கவைக்கவும் அதுவே உதவும். பல ஏல் வகைகளின் சுவைக்கு 20 டிகிரியை ஒட்டிய சீரான சூடு முக்கியம், கொப்பரையின் விலை அல்ல. ரெகுலேட்டரில் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது. அறை வெப்பத்தில் சிலிண்டருக்குள் சுமார் 800 பிஎஸ்ஐ அழுத்தம். குளிர்ந்த பியருக்கு வேண்டியதோ 10, 12 பிஎஸ்ஐ. பழைய சிலிண்டர் வாங்குபவர் அதன் கழுத்தில் பொறித்த சோதனைத் தேதியையும் பார்க்க வேண்டும். ஐந்தாண்டு கடந்திருந்தால் மறுசோதனைச் செலவும் விலையோடு சேரும்.