கேளாத ஆந்தையின் கணக்கு

வடலூரிலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் போகும் சாலையின் இருபுறமும் ஆந்தைக்குத் தோதான இடங்கள்: பொந்து விழுந்த பழைய மரங்கள், முந்திரித் தோப்பு, பாழ்மண்டபம், எலி மலிந்த நெல்வயல். புள்ளி ஆந்தையும் கூகையும் காட்டைவிட ஊரை ஒட்டியே அதிகம் வாழ்கின்றன. ஆகவே இவற்றைக் கணக்கெடுக்கத் தன்னார்வலர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. வனத்துறை ஊழியர் நுழைய வாய்ப்பில்லாத நெல் மண்டியின் பரணும் பள்ளிக்கூடத்துக் கூரை இடுக்கும் அந்த ஊர்க்காரருக்கு அன்றாடம் கண்ணில் படுபவை. 2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, தென்னாட்டில் புள்ளி ஆந்தை கூடுவைக்கும் பருவத்துக்குள்ளேயே விழுகிறது. இடமும் காலமும் இவ்வளவு சாதகமாக இருந்தும், வந்து சேரும் ஆந்தைப் பதிவுகள் ஒரு கேள்விக்குத்தான் உறுதியான விடை தருகின்றன: இங்கே ஆந்தை இருந்ததா? எத்தனை இணைகள் குஞ்சு பொரித்தன, பத்தாண்டில் கூடினவா குறைந்தனவா என்று கேட்டால் அவை தடுமாறுகின்றன. பழியை வழக்கமாகத் தன்னார்வலரின் பயிற்சிக் குறைவின் மேல் போடுகிறோம். என் பார்வையில் குறை ஆளிடம் இல்லை, நாம் அவரிடம் கேட்கும் முறையில் இருக்கிறது.

பறவை பார்ப்பவர் விடியலில் கிளம்பி வெயில் ஏறுமுன் திரும்புகிறவர். இ-பேர்டு போன்ற பறவைப் பதிவுத் தளங்களில் குவியும் பட்டியல்களில் பெரும்பகுதி காலைப் பட்டியல்கள். அவற்றில் ஆந்தை வருவதெல்லாம், பகலில் பொந்தின் வாயில் எட்டிப் பார்த்து மாட்டிக்கொண்ட ஆந்தைதான். 942 இனங்களை மதிப்பிட்ட ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை (2023) போன்ற பெருமுயற்சிகள், முழுமையான பட்டியல்களில் எத்தனை விழுக்காட்டில் ஓர் இனம் இடம்பெறுகிறது என்பதை வைத்தே ஏற்ற இறக்கத்தைக் கணிக்கின்றன. மைனாவுக்கும் கொக்குக்கும் இது நல்ல அளவுகோல். ஆந்தைக்கு அப்படியல்ல. ஒரு மாவட்டத்தில் நாலைந்து ஆர்வலர்கள் இரவு நடையைப் பழக்கமாக்கிக்கொண்டால் போதும், ஓர் ஆந்தைகூடக் கூடாமல் ஆந்தைப் பதிவு மட்டும் கூடிவிடும். படம் எடுக்க வசதியான ஒரே மரத்துக்குப் பலர் போவது இன்னொரு கோளாறு. பதிவு இருபது வரும், இணை ஒன்றுதான். இனப்பெருக்கத்தைக் குறிக்கத் தளத்தில் தனிக் குறியீடுகள் உண்டு. ‘கண்டேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு அவை தேவைப்படுவதில்லை. முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் கூகைக் குஞ்சுகள் ஏணிப்படி போல வேறுவேறு வளர்ச்சியில் இருக்கும். எலி குறைந்த ஆண்டில் கடைக்குஞ்சு பிழைப்பது அரிது. ஒரே கூட்டைப் பல வாரம் பின்தொடர்ந்தால்தான் இது தெரியும், ஒரு நாள் பார்வையில் தெரியாது.

இந்தக் குறையின் விலையைக் கடலூர் மாவட்டம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல், பண்ருட்டி வட்டாரத்தின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. பொந்துள்ள முதுமரம் விழுந்தால் புள்ளி ஆந்தையின் வீடும் விழுகிறது. புதிதாக நட்ட கன்று பொந்து கொடுக்கப் பல்லாண்டு ஆகும். இந்தியாவில் இ-பேர்டு பரவலானதோ 2014-க்குப் பிறகு. புயலுக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு முயற்சியில் எடுத்த கணக்கு இருந்தால்தான் ஒப்பிட முடியும். பின்னாளில் பெருகிய பதிவுகளை மட்டும் பார்த்தால், புயலால் ஆந்தை செழித்தது என்ற கேலிக்கூத்தான முடிவுக்கே வந்து நிற்போம்.

அப்படியானால் வேலையை ஆய்வாளரிடமே விட்டுவிடலாமே என்பார்கள். 1990-களில் மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி விலங்கியலார், கூகை கக்கும் எலும்பு, மயிர் உருண்டைகளைப் பிரித்து அது எவ்வளவு எலி தின்கிறது என்று காட்டினார்கள். அந்த நுட்பம் அவர்களுடையது. ஆனால் ஒரு மாவட்டம் முழுக்க ஆண்டுதோறும் இரவில் நிற்க எந்தக் கல்லூரியிடமும் ஆள் கிடையாது. அடையாளக் குழப்பம் என்ற ஆட்சேபமும் பெரிதாக நிற்காது. ‘சாக்குருவி’ என்று ஊர் ஒதுக்குவது கூகையா வேறொன்றா என்பதை, கைப்பேசியில் பதிந்த அரை நிமிடக் குரலே தீர்த்துவிடும்.

உண்மையில் கனமான ஆட்சேபம் வேறு. கூட்டின் இடத்தைச் சொல்வது கூட்டையே காட்டிக்கொடுப்பதாகலாம். வன உயிரின வணிகத்தைக் கண்காணிக்கும் ‘டிராஃபிக் இந்தியா’ அமைப்பு 2010-ல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் காணப்படும் 30 ஆந்தை இனங்களில் 15 வணிகத்தில் இருப்பதாகக் கண்டது. மாந்திரீகப் பலி அதற்கு முக்கியக் காரணம். 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தும் நடப்பது இது. ஆகவே கூடு பற்றிய விவரம் ஒருங்கிணைப்பாளரிடம் மட்டும் போகட்டும். பொதுவில் ஊர்ப்பெயரளவில், அதுவும் குஞ்சுகள் பறந்த பிறகு வெளியானால் போதும். ஒலிபெருக்கியில் குரலைப் போட்டு ஆந்தையை வரவழைப்பதையும் கூடுவைக்கும் பருவத்தில் கைவிட வேண்டும். எதிரி வந்ததென்று நினைத்து அடைகாக்கும் பறவை வெளியே வருவதால் நமக்கு ஒரு பதிவு கிடைக்கும், முட்டை குளிர்ந்துபோகும்.

மாற்றுமுறை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வட அமெரிக்காவில் 1966 முதல் நடக்கும் இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பு சூரியோதயத்துக்கு அரைமணி முன் தொடங்குவதால் ஆந்தைகளை நழுவவிட்டது. கனடாவில் அவற்றுக்கென்றே தன்னார்வலர்களை வைத்து இரவுக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பிரிட்டனில் 2018-19 குளிர்காலத்தில் பொதுமக்களிடம் கேட்டது இன்னும் எளிது: வாரம் ஒருமுறை, வீட்டுத் தோட்டத்தில், 20 நிமிடம் காது கொடுங்கள், ஒன்றும் கேட்காவிட்டால் அதையும் எழுதுங்கள். அந்தக் கடைசி வரிதான் நம்மிடம் இல்லாதது. இன்றைய பழக்கத்தில் எத்தனை இனம் கண்டார் என்பதே ஆர்வலரின் பெருமை. வெறுங்கையோடு திரும்பிய இரவு பட்டியலுக்கே வருவதில்லை. வீராணம் ஏரிக்கரையில் ஒரு மதகு, வடலூரில் ஒரு தோப்பு, சிதம்பரத்தில் ஒரு தெருமுனை என்று இடங்களை முன்பே குறித்து, மார்கழி தொடங்கிப் பங்குனி வரை மாதம் இருமுறை இருட்டியதும் 20 நிமிடம் நிற்க ஒவ்வோர் இடத்துக்கும் இருவர் போதும். அவர்கள் எழுதும் ‘இல்லை’களும் சேர்ந்தால்தான், அடுத்த புயலுக்குப் பிறகு ஒப்பிட ஏதாவது இருக்கும்.