மாடக்குளக்கீழ் மதுரை

"சோழர் வந்துவிட்டார்கள், இனி நம் வரலாறு கணினி விளையாட்டில் நிலைபெற்றுவிட்டது" என்ற பேச்சைச் சில ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். 2022 ஏப்ரலில் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டுக்கு 'டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற விரிவாக்கம் வெளியானது. ராஜேந்திரன் தன் படையெடுப்புகளோடு அதில் இடம்பிடித்தான். அதே ஆண்டு செப்டம்பரில் 'பொன்னியின் செல்வன்' திரைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் 'சிவிலைசேஷன் 7' சோழரைத் தனி நாகரிகமாகவே சேர்த்துக்கொண்டது. இளைஞர்களின் மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் அந்தப் பேச்சு தவறு. வந்திருப்பது ஒரு கொடியும் ஒரு கோபுரமும் சில கப்பல்களும். நாடு இன்னும் வரவில்லை. வைகைக் கரையில் உட்கார்ந்து விளையாடுகிறவனுக்கு இது சட்டென்று உறைக்கும்.

பழைய கதையை வேகமாகக் கடந்துவிடலாம். 1999-ல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' பதின்மூன்று நாகரிகங்களோடு வந்தபோது அதில் இந்தியாவே கிடையாது. 2006-ன் 'மெடீவல் 2: டோட்டல் வார்' வரைபடம் பாக்தாத்தைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் தீர்ந்துபோகும். 'புரோக்கன் கிரசென்ட்' போன்ற மாட்கள், அதாவது ரசிகர்களே செய்த மாற்றுப் பதிப்புகள், அந்த விளிம்பைக் கிழக்கே தள்ளின. அவற்றின் மனமோ ஈரானிலும் நடு ஆசியாவிலும் இருந்தது. 2013-ல் 'இந்தியர்' என்று ஒரே ஒரு நாகரிகம் வந்தது. குமரி முதல் காஷ்மீர் வரைக்கும் சேர்த்து யானை மேல் ஒரு வில்லாள், ஒட்டகத்தின் மேல் ஒரு வீரன், அவ்வளவுதான். 2014-ல் 'கிரூசேடர் கிங்ஸ் 2'-ன் 'ராஜாஸ் ஆஃப் இந்தியா'தான் நம் பக்கம் முதன்முதலாகக் கவனத்தோடு திரும்பிப் பார்த்தது. அதற்கு நான் நன்றியுள்ளவன். அதைப் பற்றிப் பிறகு.

2022-ல் அந்த ஒற்றை 'இந்தியர்' உடைந்து ஹிந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்று நான்கானது. தெற்கு முழுவதும் கடைசிச் சொல்லுக்குள் அடைபட்டது. சோழரும் பாண்டியரும் சேரரும் ஹொய்சாளரும் காகதியரும் ஒரே வேடத்தில். இவர்களுக்கான தனிப்படை உருமி வீசும் வீரர்கள். உருமி அழகான ஆயுதம், களரியில் சுழற்றினால் கண் விலகாது. ஆனால் பாண்டியர் படையைப் பற்றிக் கல்வெட்டுகள் சொல்லும் பெயர்கள் வேறு. தென்னவன் ஆபத்துதவிகள், முனையெதிர் மோகர். மன்னனுக்கு ஓர் ஆபத்து என்றால் உயிரை வைப்பதாக உறுதி பூண்டவர்கள், போர்முனையை நேர்நின்று எதிர்ப்பவர்கள். பெயரே ஒரு யூனிட்டின் குணத்தைச் சொல்லிவிடுகிறது. வடிவமைப்பாளருக்கு இதைவிட வேறென்ன கொடை வேண்டும்?

குதிரையைப் பார்ப்போம். அந்த விளையாட்டில் திராவிடரின் குதிரைப்படை மிகவும் பலவீனம். தெற்கில் நல்ல குதிரை பிறப்பதில்லை என்ற செய்தியை அவர்கள் பிடித்திருக்கிறார்கள், பாதிக் கிணறு தாண்டியிருக்கிறார்கள். மீதிப் பாதியில்தான் பாண்டிய நாடே இருக்கிறது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் வந்ததாகவும், ஒரு குதிரை 220 செம்பொன் தினார் என்றும், வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுத்தான் என்றும் எழுதுகிறார். மார்க்கோ போலோ இன்னும் கொடூரமாகச் சொல்கிறார்: ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள், வேகவைத்த சோறும் இறைச்சியும் போடுகிறார்கள், லாடம் அடிக்க ஆளில்லை, ஆண்டு முடிவில் நூறு குதிரைகூட மிஞ்சுவதில்லை. இதை அப்படியே விதியாக்கலாம். குதிரைப்படை லாயத்தில் பிறக்காது, காயல் துறைமுகத்தில் வந்து இறங்கும். இறங்கிய நாளிலிருந்து அதன் எண்ணிக்கை தேயும். கருவூலம் காலியாகும், ஆனால் வாங்காமலும் இருக்க முடியாது. காயல் கைவிட்டுப் போனால் மதுரை ஒரே ஆண்டில் காலாட்படை அரசாகிவிடும். இப்படி ஒரு தரப்பை எந்த விளையாட்டும் இதுவரை தரவில்லை.

'கிரூசேடர் கிங்ஸ்' வரிசையை நான் அதிகம் மதிப்பதற்குக் காரணம், அது நிலத்துக்கு முன்னால் குடும்பத்தைப் பார்க்கிறது. ஆனால் அதிலும் ஒரு ஐரோப்பிய அச்சம் ஒளிந்திருக்கிறது. மகன்கள் பலர் என்றால் நாடு துண்டாகும், அது ஆட்டக்காரனுக்குத் தண்டனை. பாண்டிய நாட்டிலோ பல மன்னர்கள் ஒரே காலத்தில் ஆண்டதுதான் ஏற்பாடு. இதைக் கல்வெட்டுகளைக் கொண்டு காட்டியவர் கும்பகோணத்தின் ந. சேதுராமன். தொழில் நடத்திக்கொண்டே கல்வெட்டு படித்தவர். பாண்டிய மன்னர்கள் எல்லோரும் மாறவர்மன் அல்லது சடையவர்மன் என்ற பட்டத்துக்குள் மறைந்துகொள்வார்கள். சுந்தர பாண்டியர் பலர், வீர பாண்டியர் பலர், எந்தக் கல்வெட்டு யாருடையது என்று பிரிப்பதே பெரும்பாடு. சேதுராமன் கல்வெட்டுகளில் இருந்த ஆட்சியாண்டு, மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றைக் கணக்கிட்டு ஒவ்வொருவரும் பட்டமேறிய காலத்தைத் தனித்தனியே பிரித்தெடுத்தார். 1978-ல் அவர் 'தி இம்பீரியல் பாண்டியாஸ்' நூலை வெளியிட்டார். மாட் செய்கிறவர்கள் நாள்தோறும் நிரப்பும் மன்னர் பட்டியல் கோப்புக்கு இதைவிடக் கச்சிதமான மூலம் கிடையாது. ஆனாலும் சேதுராமன் பெயரைச் சொல்லும் ஒருவரைக்கூட நான் அந்த வட்டத்தில் சந்தித்ததில்லை. வருத்தமாக இருக்கிறது.

ஐந்து சகோதரர்கள் ஆள்வதாக மார்க்கோ போலோ சொல்கிறார். அவர்களுக்குள் சண்டை மூளும்போது தாய் குறுக்கே வந்து நிற்பாளாம். கையில் கத்தி. நிறுத்தாவிட்டால் உங்களுக்குப் பால் கொடுத்த முலையை அறுத்துக்கொள்வேன் என்பாளாம். சகோதரர்கள் அடங்கிவிடுவார்கள். அவள் இறந்தபின் என்ன ஆகும் என்ற கவலையையும் போலோ பதிவுசெய்கிறார். 1310-ஐ ஒட்டி மாறவர்மன் குலசேகரனின் மகன்கள் சுந்தரனும் வீரனும் மோதினார்கள். 1311-ல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் மதுரையில் இருந்தான். அந்தத் தாய் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு ஆண்டும் ஆட்டக்காரனுக்கு ஒரு வரம். அவளைச் சுற்றியே ஒரு மாட் முழுவதையும் கட்டிவிடலாம்.

இனி வரைபடம். இங்கேதான் நம்மவர்கள் தடம் மாறுகிறார்கள். தமிழ் மாட் என்றதும் எல்லோருக்கும் கடல்கடந்த கடாரம் வரை நீட்ட ஆசை. 'மெடீவல் 2' இன்றும் மாட் செய்வோரின் தாய்வீடு. அதில் 31 தரப்புகளுக்கு மேலும் 199 பிரதேசங்களுக்கு மேலும் இடமில்லை. ஒவ்வொரு பிரதேசமும் படத்தில் ஒரு தனி நிறம், அதன் நகரம் ஒரு கறுப்புப் புள்ளி, துறைமுகம் ஒரு வெள்ளைப் புள்ளி. கடாரம் வரை நீட்டினால் பாண்டிய நாட்டுக்கு மிஞ்சுவது இரண்டோ மூன்றோ புள்ளிதான். நான் சொல்வது இதற்கு நேர்மாறு: வரைபடத்தைச் சுருக்குங்கள். 199 பிரதேசங்களையும் வைகைக்கும் தாமிரபரணிக்கும் நடுவிலேயே செலவழியுங்கள்.

அப்படிச் செலவழிக்க நம்மிடம் சரக்கு இருக்கிறது. எ. சுப்பராயலு 1973-ல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் நிலவியல் நூல் கல்வெட்டில் வரும் ஊர்களை ஒவ்வொன்றாக நிலத்தில் பொருத்தி நாடுகளின் எல்லையை வரைந்து காட்டியது. அந்த முறையில் பார்த்தால் நாடு என்பது மன்னன் கோடு போட்டுப் பிரித்த மாவட்டமாகத் தெரியாது. ஒரே தண்ணீரை நம்பி வாழ்ந்த ஊர்களின் கூட்டமாகத் தெரியும். மதுரைச் சமவெளியில் இது இன்னும் தெளிவு. பாண்டியர் கல்வெட்டுகள் தலைநகரையே 'மாடக்குளக்கீழ் மதுரை' என்கின்றன. மாடக்குளம் கண்மாயின் கீழுள்ள மதுரை. பேரரசின் தலைநகருக்கு ஒரு கண்மாய்தான் முகவரி. அதைச் சுற்றிப் பாகனூர்க் கூற்றம், அழகர்மலை பக்கம் கீழ் இரணியமுட்ட நாடு என்று பெயர்கள் தயாராகக் காத்திருக்கின்றன. வண்ணம் தீட்ட ஆள்தான் இல்லை.

வைகையை வரைந்து பார்த்தபோது எனக்கு இது கையோடு புரிந்தது. 'மெடீவல் 2'-ல் ஆறு என்பது ஒரு பிக்சல் அகல நீலக்கோடு. தலையில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால் ஊற்று. கோடு மூலைவாட்டில் போகக் கூடாது, படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். அந்த நீலத்தைப் படைகள் தாண்ட முடியாது. பாலம் இருந்தாலோ வெளிர்நீலப் புள்ளியால் காட்டிய ஆழமற்ற துறை இருந்தாலோ மட்டும் தாண்டலாம். ரைன் நதிக்கு இது சரி. வைகைக்கு? ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு, கடலைத் தொடுவதற்குள் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடிந்துபோகிற ஆறு. அதை மதில்போல வரைந்தால் அந்தப் படம் பொய். நான் ஊற்றிலிருந்து முடிவு வரை முழுவதையும் துறையாகவே புள்ளியிட்டேன். படை எங்கும் இறங்கி நடக்கலாம். தடுக்கிற வேலையை ஆற்றிடமிருந்து எடுத்துக் கண்மாய்களிடம் கொடுத்தேன். கண்மாய் யார் கையிலோ நஞ்சை அவர்கள் கையில். நஞ்சை போனால் படைக்குச் சோறில்லை. மதுரையை வீழ்த்த மதிலை இடிக்கத் தேவையில்லை, மாடக்குளத்து மடையைப் பிடித்தால் போதும்.

தரப்புகளும் இதே கணக்கில்தான் அமைய வேண்டும். மன்னர்கள் ஐவர். அவர்களுக்கு வெளியே, சொந்தப் படை வைத்திருந்த திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழு. அவர்களின் வீரர்கள் காத்த ஊர்களுக்கு எறிவீரப்பட்டினம் என்றே பெயர். பிறகு நாட்டார் சபைகள், பின்னாளில் தலையெடுக்கும் வாணாதிராயர்கள். கடைசியாகச் சொன்னவர்களுக்குத் தமிழில் வெ. வேதாசலத்தின் தனி நூலே இருக்கிறது. ஆட்டம் தொடங்கும் ஆண்டும் முக்கியம். 2025 நவம்பரில் வந்த 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 5' 1337-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மதுரையில் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் புதிய சுல்தானகம். அதுவும் நம் வரலாறுதான், அதையும் முழுமையாக ஆட வேண்டும். ஆனால் மதுரையின் கதை அங்கே தொடங்கக் கூடாது. மாறவர்மன் குலசேகரன் பட்டமேறிய 1268-ல் தொடங்கட்டும். தாய் உயிரோடு இருக்க, குதிரைக் கப்பல்கள் வந்துகொண்டிருக்க, கண்மாய்கள் நிறைந்திருக்க.

இதுவரை நாற்பது நிறங்கள் தீட்டியிருக்கிறேன். இப்போது கீழ் இரணியமுட்டத்தின் எல்லையில் நிற்கிறேன். அழகர்மலையின் வடக்குச் சரிவில் உள்ள ஊர்கள் அதில் சேருமா, பக்கத்து நாட்டில் சேருமா என்று கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.